தைராய்டு புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முன் கழுத்தை மறுபடியும் ஸ்கேன் எடுப்பது எதற்காக?

தைராய்டு பேச்சு எழாத கல்யாண வீடு இப்போது திருநெல்வேலிச் சீமையில் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்குகிறவரும், கழுத்தில் கட்டி இருப்பதாகச் சொல்லப்பட்டவரும், புற்றுநோய்க்காகச் சுரப்பியையே எடுத்துவிட்டவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வைத்தியம் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு சங்கதிகள். ஹார்மோன் கூடுவதும் குறைவதும் ரத்தத்தில் தெரிவது. கட்டி சுரப்பியின் உடலில் வருவது. கட்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சரியாகவே இருக்கும். புற்றுநோய் அந்தக் கட்டிகளில் சிலவற்றில் மட்டும் இருப்பது. ‘ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதே, பிறகு எப்படிப் புற்று?’ என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பரிசோதனை ஹார்மோன் அளவை மட்டுமே சொல்லும். கட்டியின் குணத்தைச் சொல்லாது.

இந்தக் குழப்பம் உச்சத்துக்கு வருவது ஆபரேஷன் நெருங்கும்போது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் கட்டி, அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்தாயிற்று, ஊசி போட்டுப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. இப்போது அறுவை சிகிச்சை மருத்துவர் கழுத்து முழுவதையும் மறுபடி ஸ்கேன் எடுத்து வரச் சொல்கிறார். “சென்ற மாதம் எடுத்தது என்ன ஆயிற்று? காசு பிடுங்கும் வேலை” என்று கூட வந்த கொழுந்தன் முணுமுணுக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிற வீட்டில் அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு ஸ்கேனும் ஒன்றில்லை. ‘இந்தக் கட்டியைச் சந்தேகிக்க வேண்டுமா?’ என்பது முதல் ஸ்கேனின் கேள்வி. ‘கத்தி எதுவரை போக வேண்டும்?’ என்பது இரண்டாவதின் கேள்வி. கருவி ஒன்றுதான், பார்க்கும் இடமும் பார்க்கும் நோக்கமும் வேறு.

கழுத்துக்குள் என்னென்ன இருக்கிறது

தைராய்டு சுரப்பி குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறத்தை அணைத்தபடி இருக்கிறது. வலம் ஒன்று, இடம் ஒன்று என இரண்டு மடல்கள். நடுவில் இரண்டையும் இணைக்கும் மெல்லிய பகுதி. ஒரு மடல் 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முழுச் சுரப்பியும் சேர்ந்து 15 முதல் 25 கிராம்தான். எச்சிலை விழுங்கும்போது அது மேலேறி இறங்கும். மருத்துவர் கழுத்தில் கை வைத்துக்கொண்டு “விழுங்குங்கள்” என்று சொல்வது அதற்காகத்தான்.

அக்கம்பக்கம் மிகவும் நெருக்கடியானது. சுரப்பியின் பின்னால் இரு பக்கமும் குரல் நாண்களை இயக்கும் நரம்புகள் ஓடுகின்றன. அங்கேயே ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள், வழக்கமாக நான்கு, இருக்கின்றன. பக்கவாட்டில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் திரும்பக் கொண்டுவரும் பெரிய சிரையும் போகின்றன. அந்தச் சிரையை ஒட்டி மேலிருந்து கீழ்வரை நிணநீர் முடிச்சுகள் வரிசையாக இருக்கின்றன. கிருமிகளையும் கழிவுகளையும் வடிகட்டும் சிறு உறுப்புகள் அவை. சொத்தைப் பல்லோ தொண்டைப்புண்ணோ வந்தால் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தாடைக்குக் கீழே தடவிப் பார்ப்பார்களே, அவைதான்.

சுரப்பிக்குள் சுற்றுப்புறத் திசுவிலிருந்து வேறுபட்டுத் தெரியும் திரட்சியைத்தான் கட்டி என்கிறோம். ஸ்கேன் அறிக்கையில் ‘நோடியூல்’ என்று இருக்கும். இது அபூர்வமானதே அல்ல. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் நாடுகளில் கையால் தடவிப் பார்த்தே 100 பெண்களில் 5 பேருக்கும், 100 ஆண்களில் ஒருவருக்கும் கட்டி தட்டுப்படுகிறது. ஸ்கேன் வைத்துத் தேடினால் 100 பேரில் 19 முதல் 68 பேர் வரை ஏதோ ஒரு கட்டி தென்படும் என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. பரிசோதிக்கப்படும் கட்டிகளில் புற்றாக இருப்பவை 100க்கு 7 முதல் 15 வரை.

தைராய்டில் வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை ‘பாப்பிலரி’ என்ற வகை. பெரும்பாலும் மெதுவாக வளரும். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்த் தங்குவது அதன் வழக்கம். கட்டுரையின் மிச்சப் பாதிக்கு இந்த ஒரு குணம்தான் அச்சாணி.

இதுவரை: கட்டி பலருக்கு உண்டு, புற்று சிலருக்கே. அந்தச் சிலரில் பெரும்பாலோருக்கு வரும் வகை, பக்கத்து முடிச்சுகளைத் தேடிப் போகும் வகை.

ஒலி எப்படிப் படமாகிறது

காருகுறிச்சிப் பானையை யாரும் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. இடது கையில் ஏந்தி, வலது கை விரல் மொட்டியால் நாலு இடத்தில் தட்டிப் பார்ப்போம். கணீரென்று ஒலித்தால் பானை நன்றாகச் சுட்டிருக்கிறது. ‘டொக்’ என்று செத்த ஒலி வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது. உடைக்காமலே உள்நிலவரத்தை ஒலி சொல்லிவிடுகிறது. அல்ட்ராசவுண்டு ஸ்கேனும் தட்டிக் கேட்கும் வித்தைதான்; தட்டலும் கேட்டலும் மிகமிக வேகமாகவும் நுட்பமாகவும் நடக்கின்றன.

மனிதக் காது கேட்கும் ஒலியின் உச்சம் நொடிக்கு 20,000 அதிர்வுகள். அதற்கு மேற்பட்ட அதிர்வுள்ள ஒலி, மீயொலி. கழுத்தின் மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவியை ‘ப்ரோப்’ என்பார்கள். அதற்குள் இருக்கும் படிகத் துண்டுகள் மின்சாரம் பாய்ந்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும். ஒலி வந்து மோதினால் திரும்ப மின்சாரம் தரும். வாயும் காதும் அதுவே. கழுத்துக்குப் பயன்படுத்தும் ப்ரோப் நொடிக்கு 70 லட்சம் முதல் 1.5 கோடி அதிர்வுகள் வரை எழுப்பும். அதிர்வு கூடினால் படத்தின் நுட்பம் கூடும், ஆழம் குறையும். தைராய்டு தோலுக்கு மிக அருகில் இருப்பதால் ஆழம் தேவையில்லை, நுட்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். வயிற்று ஸ்கேனுக்கு வைக்கும் ப்ரோப்பைக் கழுத்தில் வைத்துப் பார்த்தால் சரிவராது என்பது இதனால்தான்.

மென்திசுக்களில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர். 2 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள ஒன்றில் மோதித் திரும்ப, ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 26 பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தை அளந்து ‘இது இவ்வளவு ஆழத்தில்’ என்று கணிப்பொறி புள்ளி வைக்கிறது. திரும்பிய ஒலி வலுவாக இருந்தால் வெள்ளைப் புள்ளி, மெலிந்திருந்தால் சாம்பல், ஒன்றுமே திரும்பாவிட்டால் கறுப்பு. லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து படம் ஆகிறது. நீர் எதிரொலி தராது, அதனால் கறுப்பு. சுண்ணம் படிந்த இடம் ஒலியைத் திருப்பி அடிக்கும், அதனால் வெள்ளை. பெரிய சுண்ணப் படிவாக இருந்தால் அதன் பின்னால் நிழலும் விழும். ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வு மாறுவதை வைத்து ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் முறைக்கு ‘டாப்ளர்’ என்று பெயர்.

தோலில் பூசும் குளிர்ந்த ஜெல்லில் மருந்து எதுவும் இல்லை. ப்ரோப்புக்கும் தோலுக்கும் நடுவில் இம்மியளவு காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். அந்தக் காற்றை விரட்டத்தான் ஜெல். இதில் எக்ஸ்ரே கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. எத்தனை முறை எடுத்தாலும் ‘கரண்டு ஏறிவிடும்’ என்று பயப்பட வேண்டாம்.

ஒரு சின்ன இடைச்செருகல். ஸ்கேன் சென்டர் வாசலில் ‘கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு, கழுத்துக்கு வந்த பாட்டி ஒருவர் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தயங்கி நிற்பதைப் பாளையங்கோட்டையில் எந்த சென்டரிலும் பார்க்கலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பலகை கட்டாயம். கர்ப்பிணிக்கும் கழுத்துக்கும் இயந்திரம் ஒன்றாகவே இருக்கலாம். மாற்றுவது ப்ரோப்பை மட்டுமே.

சந்தேகக் கட்டியின் அடையாளங்கள்

நல்ல தைராய்டுத் திசு ஸ்கேனில் வெளிர் சாம்பலாக, ஒரே சீராகத் தெரியும். அது எண்ணற்ற நுண்பைகளால் ஆனது. ஒவ்வொரு பையின் சுவரிலும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதால் அந்த வெளிர்மை. புற்றுத்திசுவில் பைகள் போய் செல்கள் நெருக்கியடித்து நிற்கும். திருப்பும் சுவர்கள் குறைவு. அதனால் பாப்பிலரி புற்று பெரும்பாலும் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துத் தெரியும். இன்னும் சில அடையாளங்கள் உண்டு. நீர்க்கட்டியாக இல்லாமல் உள்ளே முழுதும் திடமாக இருப்பது. ஓரம் வழவழப்பாக இல்லாமல் பிசிறடித்திருப்பது. குண்டூசி முனை அளவு வெண்புள்ளிகள் சிதறிக் கிடப்பது. இவை நுண்ணிய சுண்ணத் துகள்கள். பிறகு, அகலத்தைவிட உயரம் கூடி நிற்பது. சாதுவான கட்டி திசு அடுக்குகளுக்கு இணையாகப் படுத்து வளரும். அடுக்குகளை மீறிக் குறுக்கே எழுந்து வளர்கிறது என்றால் அதன் போக்கு சரியில்லை.

எந்த ஓர் அடையாளமும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. அதனால் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டும் முறை ஒன்று வந்தது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட ‘டைராட்ஸ்’ முறை இன்று பரவலாகப் புழங்குகிறது. கட்டிகளை டி.ஆர். 1 முதல் டி.ஆர். 5 வரை வரிசைப்படுத்துகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.2 சென்டிமீட்டர் கட்டி. திடமானது: 2 புள்ளி. சுற்றுப்புறத்தைவிடக் கறுத்தது: 2 புள்ளி. படுத்து வளர்ந்திருக்கிறது, ஓரம் வழவழப்பு, வெண்புள்ளி இல்லை: மூன்றுக்கும் சுழி. மொத்தம் 4. இது டி.ஆர். 4. இந்த வகையில் 1.5 சென்டிமீட்டரைத் தொட்டால்தான் ஊசிப் பரிசோதனை. இதைக் கண்காணித்தால் போதும். அதே கட்டியில் நுண்ணிய வெண்புள்ளிகள் இருந்தால் 3 கூடி 7 ஆகிவிடும். இப்போது அது டி.ஆர். 5. இந்த வகைக்கு 1 சென்டிமீட்டரே ஊசிக்கான எல்லை. அளவு மாறவில்லை, முடிவு மாறிவிட்டது. ‘கட்டி எவ்வளவு பெரியது?’ என்பதையே உறவினர்கள் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ‘எப்படிப்பட்டது?’ என்பது.

டி.ஆர். 4 என்பது புற்றுநோயின் நான்காம் கட்டம் அல்ல

இதைத் தனித் தலைப்பில் சொல்லக் காரணம் இருக்கிறது. அறிக்கையில் 4 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, ‘ஃபோர்த் ஸ்டேஜாம்’ என்று வீடே அழுது தீர்க்கிற கதை எங்கள் பக்கம் சாதாரணம். டி.ஆர். எண், கட்டியை எவ்வளவு சந்தேகிக்கலாம் என்பதைச் சொல்வது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளை வைத்து இந்த முறையைச் சோதித்த ஆய்வில், டி.ஆர். 4 கட்டிகளில் 100க்குச் சுமார் 9 மட்டுமே புற்று, டி.ஆர். 5இல் 35. அதாவது, கடைசி வகையிலும் பாதிக்கு மேல் புற்று இல்லை.

குழப்ப இன்னும் இரண்டு எண் வரிசைகள் காத்திருக்கின்றன. ஊசிப் பரிசோதனை முடிவை ‘பெதஸ்டா’ முறைப்படி 1 முதல் 6 வரை எழுதுவார்கள். 2 என்றால் சாதுவானது, 6 என்றால் புற்று. கழுத்தின் பகுதிகளுக்கும் ‘லெவல்’ 1, 2, 3 என்று எண் உண்டு. அது வெறும் முகவரி. நோயின் கட்டம் என்பது இவை எல்லாவற்றிலிருந்தும் தனி. பாப்பிலரி வகையில் 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம் என்பதே இப்போதைய கணக்கில் கிடையாது, இரண்டோடு முடிந்துவிடும். இந்த நோயின் போக்கு இளையவர்களிடம் அவ்வளவு சாதகமானது.

ஊசி சொல்வது, ஸ்கேன் சொல்லாதது

தட்டிப் பார்த்து வாங்கிய பானையாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றி வைத்தால்தான் கசிகிறதா என்பது உறுதியாகும். ஸ்கேன் சந்தேகத்தை எழுப்பும். உறுதி செய்வது மெல்லிய ஊசியால் கட்டிக்குள்ளிருந்து செல்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை. ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஊசி செலுத்தினால் குறி தப்பாது. ஊசி குத்தினால் புற்று கலைந்து பரவிவிடும் என்ற பயம் கிராமங்களில் ஆழமாக இருக்கிறது. இந்த மெல்லிய ஊசியால் அப்படி நடப்பது மிகமிக அபூர்வம். அந்தப் பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் வரும் கேடு பெரிது.

ஊசிக்கும் எல்லை உண்டு. ‘ஃபாலிகுலர்’ வகைக் கட்டியில் செல்களை மட்டும் பார்த்துச் சாதுவா புற்றா என்று சொல்ல முடியாது. கட்டியின் உறையைத் தாண்டி அது ஊடுருவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; கட்டியை எடுத்த பிறகே அது தெரியும்.

இதுவரை: ஸ்கேன் அடையாளம் சொல்கிறது, ஊசி உறுதி செய்கிறது. ‘புற்றுநோய்’ என்று ஊசி சொன்ன பிறகுதான் நம் கட்டுரையின் நடுப்பகுதி ஆரம்பமாகிறது.

இரண்டாவது ஸ்கேன் எதைத் தேடுகிறது

முதல் ஸ்கேனை எடுத்தவரின் கவனம் சுரப்பிமேல்தான். பல அறிக்கைகளில் நிணநீர் முடிச்சுகளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. அறுவை சிகிச்சை மருத்துவருக்கு அது போதாது. தைராய்டு புற்றுக்காகவோ பலத்த சந்தேகத்துக்காகவோ சுரப்பியை எடுக்கப்போகும் எல்லா நோயாளிகளுக்கும் முன்கூட்டியே கழுத்து முழுவதையும், முக்கியமாகப் பக்கவாட்டு முடிச்சுகளை, அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. இப்படிப் பார்க்கும்போது 20 முதல் 31 சதவீத நோயாளிகளிடம் சந்தேகத்துக்குரிய முடிச்சுகள் தென்படுகின்றன என்றும், ஐந்தில் ஒருவர் வரை ஆபரேஷன் திட்டமே மாறக்கூடும் என்றும் அதே வழிகாட்டி குறிப்பிடுகிறது. கொழுந்தனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த எண்ணில் இருக்கிறது.

திட்டம் எப்படி மாறும்? கட்டி சிறியது, ஒரு மடலுக்குள் அடங்கியது, முடிச்சுகள் சுத்தம் என்றால் அந்த ஒரு மடலை மட்டும் எடுத்தாலே பலருக்குப் போதும்; மிச்ச மடல் ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும், சிலருக்கு வாழ்நாள் மாத்திரையும் தேவைப்படாது. கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல், அல்லது சுரப்பியைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் போய்விட்டது, அல்லது முடிச்சுகளில் நோய் இருக்கிறது என்றால் முழுச் சுரப்பியையும் எடுப்பார்கள். அடுத்த மடலிலும் கட்டி இருந்தால் அதுவும் கணக்கில் வரும். பக்கவாட்டு முடிச்சுகளில் நோய் இருந்தால் அந்தப் பகுதி முடிச்சுகளை மொத்தமாக அகற்றும் தனி அறுவையும் சேர்ந்துகொள்ளும். பெரிதாகத் தெரியும் ஓரிரண்டு முடிச்சை மட்டும் பொறுக்கி எடுப்பது சரியான முறையாகக் கருதப்படுவதில்லை.

‘எதற்கும் இருக்கட்டும், எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே’ என்று கேட்கத் தோன்றும். பக்கவாட்டு முடிச்சுகளின் நடுவேதான் தோளைத் தூக்கும் நரம்பு போகிறது. இடது பக்கம் கழுத்தின் அடியில் நிணநீர் பெருங்குழாய் இருக்கிறது. தேவையில்லாமல் அங்கே கைவைத்தால் தோள் வலியும் நிணநீர்க் கசிவும் காது மடலைச் சுற்றி மரத்துப்போவதும் வரலாம். சரி, தேவை இருந்தும் விட்டுவிட்டால்? சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அதே கழுத்தை மறுபடி திறக்க வேண்டிவரும். முதல் அறுவையின் தழும்பு இறுகிய இடத்தில் குரல் நரம்பையும் பாராதைராய்டையும் பிரித்தெடுப்பது எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் கடினம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த அளவைச் சொல்வதுதான் இந்த ஸ்கேனின் வேலை.

ஸ்கேன் எடுப்பவர் கழுத்தை லெவல்களாகப் பிரித்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்பார். தாடைக்குக் கீழே லெவல் 1. பெரிய சிரையை ஒட்டி மேலிருந்து கீழே 2, 3, 4. கழுத்தின் பின்பக்கவாட்டில் 5. நடுவில் மூச்சுக்குழாயைச் சுற்றி 6. தைராய்டு புற்று வழக்கமாக 6இல் தொடங்கிப் பிறகு 3, 4 பக்கம் போகும். நடுவைத் தாண்டி நேரே பக்கவாட்டுக்குக் குதிப்பதும் உண்டு.

முடிச்சு வீங்கியிருப்பதாலேயே அதில் புற்று என்று முடிவு கட்டிவிட முடியாது. பல்வலியும் சளியும்கூட முடிச்சை வீங்க வைக்கும். நல்ல முடிச்சு தட்டையான நீள்வட்டமாக இருக்கும். நடுவில் ரத்தக்குழாய் நுழையும் கொழுப்பு நிறைந்த வாசல் வெண்கோடாகத் தெரியும். நோய் புகுந்த முடிச்சு உருண்டுபோகும், அந்த வெண்கோடு அழிந்துவிடும், உள்ளே நுண்ணிய வெண்புள்ளிகளோ நீர்ப்பைகளோ இருக்கும், ரத்த ஓட்டம் வாசலை விட்டு விளிம்புக்கு வந்துவிடும். வெண்புள்ளியும் நீர்ப்பையும்தான் இவற்றில் மிகப் பலமான சாட்சிகள். வீங்கிய முடிச்சு என்றதும் அளவை மட்டும் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை நான் அரைகுறை அறிக்கை என்றே சொல்வேன்.

குறுகிய பக்கம் 8 முதல் 10 மில்லிமீட்டர் தேறும் சந்தேக முடிச்சானால், அதிலும் ஊசி போட்டு உறுதி செய்துகொள்வார்கள். அப்போது ஊசியைக் கழுவிய நீரில் ‘தைரோகுளோபுலின்’ என்ற புரதத்தையும் தேடுவது உண்டு. அதைத் தயாரிப்பது தைராய்டுச் செல்கள் மட்டுமே. பக்கவாட்டு முடிச்சுக்குள் அது ஏராளமாக இருந்தால், தைராய்டுப் புற்றுச் செல்கள் அங்கே குடியேறிவிட்டன என்று அர்த்தம்.

கட்டியின் இருப்பிடமும் முக்கியம். மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கிறதா, பின்பக்கம் குரல் நரம்பு ஓடும் வழியில் இருக்கிறதா, சுரப்பியின் உறை எங்காவது கிழிந்ததுபோல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஜப்பானின் கோபே நகரில் உள்ள கூமா மருத்துவமனை 1993 முதலே, 1 சென்டிமீட்டரைத் தாண்டாத சாதகமான பாப்பிலரி புற்றுகளை வெட்டாமல் கண்காணிக்கும் வழியை நோயாளிகளுக்குக் கொடுத்துவருகிறது. பெரும்பாலானவை பல ஆண்டுகள் வளரவே இல்லை. அந்த வழிக்குத் தகுதி உண்டா என்று தீர்மானிப்பதும் இதே விவரங்கள்தான்: முடிச்சு சுத்தமாக இருக்க வேண்டும், மூச்சுக்குழாயிலிருந்தும் நரம்பிலிருந்தும் கட்டி விலகி இருக்க வேண்டும்.

இதுவரை: இரண்டாவது ஸ்கேன் அறுவை சிகிச்சைக்கான வரைபடம். ஒரு மடலா இரண்டா, முடிச்சுகளைத் தொட வேண்டுமா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

அல்ட்ராசவுண்டுக்கு எட்டாத இடங்கள்

ஒலி காற்றையும் எலும்பையும் தாண்டாது. மூச்சுக்குழாய்க்குப் பின்னால், நெஞ்செலும்புக்குக் கீழே, தொண்டையின் பின்சுவரை ஒட்டி இருக்கும் முடிச்சுகள் தெரியாது. லெவல் 6இல் சுரப்பியே மறைத்துக்கொண்டு நிற்பதால் ஆபரேஷனுக்கு முன் சிறு முடிச்சுகள் தவறிப்போவது சகஜம். நோய் முற்றியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனும் கேட்பார்கள். குரல் நாண்கள் அசைகின்றனவா என்பதைத் தொண்டைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது வேறு பரிசோதனை.

மனிதக் கை சம்பந்தப்பட்ட குறையும் இருக்கிறது. சி.டி.யில் இயந்திரம் முழுக் கழுத்தையும் பதிவு செய்துவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அல்ட்ராசவுண்டில் ப்ரோப்பைப் பிடித்தவர் எந்த இடத்தில் நிறுத்தினாரோ அதுதான் பதிவு. அவர் பார்க்காமல் கடந்த முடிச்சு ஃபிலிமில் இருக்காது. அதனால்தான் சில அறுவை சிகிச்சை மருத்துவர்கள் குறிப்பிட்ட ஒருவரிடமே எடுத்து வரச் சொல்கிறார்கள், சிலர் தாங்களே ப்ரோப்பைக் கையில் எடுக்கிறார்கள். இதைக் கமிஷன் வேலை என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கமிஷன் வேலை நம் ஊரில் நடக்கவே நடக்காது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ‘முந்தைய அறிக்கையில் என்ன விடுபட்டிருக்கிறது?’ என்று கேட்டால் நேர்மையானவர் விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

அப்படியானால் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கழுத்தில் தொந்தரவு ஏதும் இல்லாதவர், முழு உடல் பரிசோதனைப் பொதியில் சேர்ந்து வருகிறதே என்று தைராய்டு ஸ்கேன் எடுத்துக்கொள்வதில் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். தென்கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தபோது தைராய்டு ஸ்கேன் அதில் இல்லை; ஆனால் கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் கிடைத்தது. 2011இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்று, 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு. அந்நோயால் இறந்தவர்களின் விகிதமோ அசையவில்லை. வாழ்நாள் முழுதும் தொந்தரவு தராமல் கிடந்திருக்கக்கூடிய துகள்களைத் தேடிப்பிடித்து ஆயிரக்கணக்கானோருக்குச் சுரப்பியை எடுத்திருக்கிறார்கள். உறுதியான புற்றுநோயாளிக்கு ஆபரேஷன் முன் எடுக்கும் ஸ்கேனும், தெருவோடு எல்லாருக்கும் எடுக்கும் ஸ்கேனும் ஒரே தராசில் நிற்பவை அல்ல.

தூத்துக்குடி உப்பைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அயோடின் குறைந்தால் சுரப்பி வீங்கிக் கழலை வரலாம். அதற்காகத்தான் சமையல் உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள். வந்துவிட்ட கட்டி புற்றா இல்லையா என்பதை வீட்டு உப்பை மாற்றித் தெரிந்துகொள்ளவும் முடியாது, அதைக் கரைக்கவும் முடியாது.

ஸ்கேனுக்குப் போகும்போது

வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். தோளுக்குக் கீழே தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், குனிந்தே பீடி சுற்றிக் கழுத்து வலி வந்தவர்கள், முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; சாய்வைக் குறைத்துக்கொள்வார்கள். சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. தாலியைக் கழற்றத் தயங்குகிறவர்கள் அதைச் சொன்னால் போதும், இறக்கி ஓரமாக ஒதுக்கிக்கொண்டே பார்த்துவிடலாம். வலி இருக்காது. முழுக் கழுத்தையும் பொறுமையாகப் பார்க்க அரைமணி நேரம் வரை ஆகலாம். ஐந்தே நிமிடத்தில் முடிந்தால் பக்கவாட்டு முடிச்சுகளையும் பார்த்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

பழைய ஸ்கேன் ஃபிலிம், ஊசிப் பரிசோதனை அறிக்கை, மருத்துவர் எழுதிய சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், ரயிலேறித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போனாலும் இந்தப் பை கூடவே இருக்க வேண்டும். சீட்டில் வெறுமனே ‘தைராய்டு ஸ்கேன்’ என்று இருந்தால், இரு பக்கக் கழுத்து முடிச்சுகளும் சேர்த்தா என்று மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புற்று உறுதியாகிவிட்டது என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ‘அவராகவே கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம்’ என்று வாய்மூடி இருப்பவர்கள் உண்டு. அறிக்கை கைக்கு வந்ததும் இரண்டு மடல்களைப் பற்றியும், லெவல் வாரியாக இரு பக்க முடிச்சுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இல்லாவிட்டால் சென்டரை விட்டு இறங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் தேதி பல மாதம் தள்ளிப்போனால் மூன்றாவது முறையும் எடுக்கச் சொல்லலாம். இடைப்பட்ட காலத்தில் முடிச்சுகளின் நிலை மாறியிருக்கக்கூடும்.